ஸ்பானரில் விழுந்த முப்பத்தொரு ஓட்டு

பாலாநகர் ஃபாக்டரியில் யூனியன் கொட்டகையைக் கட்டியது நான். கழிவென்று ஒதுக்கிய தகரத்தைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் சேர்த்துக் கூரை போட்டேன். பட்டறைக்குள் குடிதண்ணீர்க் குழாய் வந்தது என்னால். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வந்ததும் என்னால். நாங்கள் குடியிருந்த மெட்டுகுடாவிலிருந்து காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஓட வைத்தேன். முதல் நாள் அதில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. பிரஸ் மெஷினில் விரல் போனவனை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். பதினோரு நாள் கேட்டில் உட்கார்ந்து அவனுக்கு ஸ்டோரில் வேலை வாங்கினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எதிரே உட்கார்ந்த மேனேஜர்கள் எல்லாம் பெரிய படிப்பு. ஒருவராவது என்னைப் பேசி ஜெயித்ததாகச் சொல்லட்டும் பார்ப்போம்.

இத்தனையும் ஒரே ஒரு தேர்தலில் போயிற்று.

முதலில் எங்களுக்கு ஒரே சங்கம்தான், ஒரே செங்கொடி. மேலே இருந்த தலைவர்கள் சட்டசபைத் தேர்தலில் யாரோடு கூட்டு வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டை எங்கள் பட்டறை வரைக்கும் வந்தது. பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு தனிச் சங்கம் வைத்தவன் வேறு யாரும் இல்லை, என் மச்சினன். என் மனைவியின் தம்பி. லேத்தில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். அவன் பத்தாவது வரை படித்தவன், புத்தகம் படிக்கிறவன். எனக்குக் கொள்கை தெரியாது என்பான்.

கொட்டகைக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாயைத் தொங்கவிட்டார்கள். மே தினத்தன்று தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், ஒரே கோஷத்தை முன்னும் பின்னுமாகப் போட்டோம். ஆபீஸ் ஜன்னலில் நின்று மேனேஜர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் போட்ட கூரைக்குக் கீழே எனக்குப் பாதி இடம்.

ஊரின் இன்னொரு மூலையில், மாதாப்பூர் பக்கம், கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய வருஷங்கள் அவை. எங்கள் இடத்துக்கும் விலை ஏறிவிட்டது. மெஷின்களை ஊருக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோவது, ஆட்களுக்கு விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது, இடத்தை விற்பது. இதுதான் கம்பெனியின் கணக்கு. அதற்கு அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் கையெழுத்து வேண்டும். எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று ரகசிய ஓட்டு நடத்த நாள் குறித்தார்கள். எங்கள் சின்னம் ஸ்பானர். மச்சினன் சங்கத்துக்குக் குடை. கம்பெனியே சோறு போட்டு வளர்த்த மூன்றாவது சங்கத்துக்கு ஃபேன்.

தலை எண்ணிப் பார்த்தேன். சிவப்பு ஓட்டு பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் இரண்டாகப் பிரிந்தால் ஃபேன் வந்துவிடும், வந்தால் அந்தச் சங்கத்துக்காரன் கையெழுத்துப் போட்டுவிடுவான். குடைக்கு என்னைவிடக் கொஞ்சம் ஆள் அதிகம். மனசுக்குக் கசப்பாகத்தான் இருந்தது. என் ஆட்களைக் குடைக்குப் போடச் சொல்வதென்று முடிவு செய்தேன். அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும், எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொல்லி மச்சினனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான்.

"ஹவ் மாமா, ஓட்டு வருதுன்னா நான் நக்கோ, வேணாம்னா சொல்லப்போறேன்? ஆனா எங்க கமிட்டி கேக்கும், மாமா எப்ப நல்லவரானாருன்னு."

"நான் எப்படா கெட்டவனா இருந்தேன்?"

"எங்க நோட்டீஸ் எதுவும் நீங்க படிக்கலியா?"

என் மனைவி குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேரும் என் கையாலதான் துன்றீங்க. எவன் கொடி ஒசரம்னு அளந்துக்கினே இருங்க. அவன் எடத்த வித்துட்டுப் போய்க்கினே இருப்பான்."

மனு வாபஸ் வாங்கும் நாள் தாண்டிவிட்டதால் ஓட்டுச் சீட்டில் ஸ்பானர் இருந்தே தீரும். அதனால் கேட்டில் ஸ்டூல் போட்டு ஏறி, இந்த ஒரு தடவை குடையில் குத்துங்கள் என்று என் ஆட்களிடம் சொன்னேன். சிலர் அழுதார்கள். சரி என்றார்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள் குடைச் சங்கத்தின் நோட்டீஸ் வந்தது. ஊர் பாஷையான தெலுங்கில் அச்சடித்ததைக் கேட்டிலேயே ஒருவன் உரக்கப் படித்தான். கம்பெனியோடு பேரம் பேசிப் பிழைத்தவர் இப்போது எங்கள் குடைக்குள் ஒதுங்கப் பார்க்கிறார், அவருடைய ஓட்டை நம்பி நாங்கள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மச்சினனைப் பார்த்தேன். அவன் கிட்டே வந்து, "கமிட்டி முடிவு மாமா," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

என் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். திரும்ப ஸ்டூலில் ஏறி, அவர்கள் என்ன எழுதினாலும் குடைதான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஸ்டூல் அங்கேயேதான் இருந்தது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் எண்ணினார்கள். குடையைவிடப் பத்தொன்பது ஓட்டு அதிகம் வாங்கி ஃபேன் ஜெயித்தது. ஸ்பானரில் முப்பத்தொரு ஓட்டு.

அந்த முப்பத்தொருவரும் யாரென்று எனக்குத் தெரியும். கொட்டகைக்குத் தகரம் தூக்கிய ஆட்கள். அதில் ஒருவன், என் வயசு வெல்டர், மெட்டுகுடாக்காரன், அவனே வந்து ஒப்புக்கொண்டான். "உன்ன அவ்வளவு பேசினாங்க, நீ வாய தொறக்கல. உனக்கே மனசு மாறிப்போச்சுன்னு நெனச்சோம். அப்புறம் கை எப்படி அந்தக் குடைக்குப் போகும், சொல்லு?" அவனை என்ன திட்டுவது.

ஃபேன் சங்கம் கையெழுத்துப் போட்டது. லாரிகளில் மெஷின் போயிற்று. என் கொட்டகைத் தகரம் கடைசி லாரியில், சங்கிலிகளுக்கு மேலே கிடந்து போயிற்று. எதிரிச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டேன் என்று என் சங்கம் என்னை நீக்கியது. அதே வாரம், ஓட்டைத் தராமல் ஏமாற்றினேன் என்று குடைக்காரர்கள் இன்னொரு நோட்டீஸ் போட்டார்கள். வெல்டர் வீட்டோடு கிடந்து செத்துப்போனான். மச்சினன் மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன் ஆனான். கேட் மீட்டிங் போட்டவன் கேட் திறந்துவிட்டான்.

இப்போது மிஞ்சின பத்துப் பேர், இரண்டு கொடிக்காரர்களும் சேர்ந்து, சங்க வரலாறு என்று ஒரு மலர் போடுகிறார்கள். சேர்வதற்கு இனி எதுவும் மிச்சமில்லாதபோது சேர்ந்திருக்கிறார்கள். மச்சினன் அச்சுக்குப் போகும் தாளைக் கொண்டுவந்து படித்துக் காட்டினான். பஸ், குழாய், கழிப்பறை எல்லாம் 'சங்கத்தின் போராட்டத்தால்' வந்தனவாம். தோற்றது 'மூத்த தோழர்கள் சிலரின் தவறான நிலையால்' என்று இருந்தது.

"சிலர்னா யாருடா?" என்றேன்.

"தனி ஆளப் பத்தி எழுதறதில்லன்னு கமிட்டி முடிவு, மாமா."

கமிட்டிக்கு நான் எழுதுகிறேன். கூரையைப் போட்டது நான், என் பேரைப் போடுங்கள். பஸ்ஸுக்கும் குழாய்க்கும் என் பேரைப் போடுங்கள். அந்தச் 'சிலர்' என்பதை அடித்துவிட்டு அங்கேயும் என் பேரையே எழுதுங்கள். நான் பேசியபோதெல்லாம் அந்த ஃபாக்டரியில் ஏதாவது ஒன்று வந்தது. ஒரே ஒரு நாள் பேசாமல் பஸ்ஸில் ஏறினேன், ஃபாக்டரியே போயிற்று. இன்னொருவன் வாய்க்கு இந்தப் பலம் இருந்ததா? அதை யாரோ சிலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். முழுதாக என் பேரில் எழுதுங்கள்.