பட்டறை வெங்காயமும் எஸ்தர் அக்காவும்

"டீச்சர் போயிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரியில பாத்துட்டு வரலாம்னு மதுரைக்கு வந்தேன்..." ஒட்டன்சத்திரத்து வெங்காய விவசாயி பழனிச்சாமி செல்போனில் சொன்னார். "என்னய்யா ஒளர்ற?" என்று அவர்மீது எரிந்து விழுந்தேன். எஸ்தர் அக்காவின் மகளை அழைத்த பிறகுதான் நம்பினேன். அக்கா குடியிருந்த நாயுடுபுரத்துக்கும் எங்கள் கல்லூரிக்கும் தெரியுமுன் பழனிச்சாமிக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

கொடைக்கானலில் அவர் மனையியல் ஆசிரியை, நான் வேதியியல். ஆய்வகம் ஒன்றுதான். தன் வீட்டு அலமாரியில் பாலித்தீன் பையில் வைத்திருந்த சின்ன வெங்காயத்தை நசுக்கிச் சத்தை அளப்பார், நாற்றம் எனக்கு. நாளாக ஆக வெங்காயம் முளைத்து நசநசத்தது, சத்தும் குறைந்தது. அதை வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தையில் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இருப்பு வச்ச வெங்காயம் வெறும் சக்கை" என்று அடித்துச் சொல்லிவிட்டார். வியாபாரிகளுக்குக் கேட்கவா வேண்டும்? வயலில் பட்டறை போட்டு அடுக்கிச் சேமித்த வெங்காயம் என்றாலே விலையை நொறுக்கினார்கள்.

பழனிச்சாமி காய்ந்த இலைத் தாளோடு ஒரு கட்டு வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். "ஒங்க ஊரு பனியில, பிளாஸ்டிக் பைக்குள்ள வச்சா மனுசனே அழுகிருவான். எங்க பட்டறைய வந்து பாத்தீங்களா? நீங்க சொன்ன ஒத்த வார்த்தையில எங்க பொழப்பே போச்சும்மா!"

நான் அவரை வெளியே அனுப்பப் பார்த்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. நான் பாக்கலதான். நாளைக்கு வெள்ளனே வர்றேன்."

போனார். வயல் மேட்டில் காற்றுப் போக அடுக்கி, மேலே ஓலை வேய்ந்த பட்டறை. அங்கிருந்து வாராவாரம் எடுத்துவந்து அளந்தார். குவர்செடின் என்ற சத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை, மதுரைக்கு அனுப்பினார். வைட்டமின் சி மெல்லக் குறைந்தது உண்மைதான். குவர்செடினோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. வெங்காயமும் கல்லு மாதிரி கெட்டியாகக் கிடந்தது.

"பழனிச்சாமிகிட்ட மட்டும் சொல்லிருங்கக்கா. மார்க்கெட்டுல போயி எதுக்கு மானத்த வாங்கிக்கணும்?" என்றேன்.

"அடிப் போடி. தப்பச் சொன்னப்ப மைக்குல சொன்னேன்ல? இப்ப மட்டும் காதுல சொல்லணுமா?"

அடுத்த சந்தையன்று மைக் இல்லை. ஏலம் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு மூட்டையின் மேல் ஏறிவிட்டார். "நான் சொன்னது தப்பு! கெட்டது நான் வச்ச லட்சணத்துல. பட்டறை வெங்காயத்துல சத்து இருக்கு!" யாரோ கெக்கலித்தார்கள். சிரித்து ஓயும்வரை நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அம்மாடி, என்ன மனுஷி! அன்று பழனிச்சாமியின் வெங்காயம் நல்ல விலைக்குப் போனது.

அடக்கம் முடிந்து நேற்று வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாடு தவறென்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள். வழக்கம்போல முணுமுணுத்தபடி அழிக்கக் கை போனது. அப்படியே நிறுத்தினேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நான் சொன்னது தப்பு."