ஆற்றங்கரையில் கோத்திரம் கேட்டவர்

போடியில் ஆற்றங்கரையில் திதி கொடுக்கும் அந்த ஐயரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு. மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் காதில் கட்டியிருந்தார். வாய் மந்திரம் சொல்லச் சொல்ல, எள்ளுக்கு வந்த எறும்பைக் கை நசுக்காமல் ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு முதல் வருசத் திதி. "என்ன கோத்திரம்மா?" என்றார். மகன் என்னைப் பார்த்தான். எங்கள் ஊர் தேவாரத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரியாத ஆளே கிடையாது. ஆனால் எங்கள் கோத்திரம் என்னவென்று எனக்கும் தெரியாது. கோத்திரம் சொல்லாவிட்டால் பிண்டம் அவருக்குப் போய்ச் சேராதோ என்று பயந்தேன்.

"தெரியலைன்னா காசியப கோத்திரம்னு சொல்லுங்கம்மா. மனுசன், பாம்பு, பறவை எல்லாத்துக்கும் காசியப முனிவர்தான் பாட்டன்."

"யானைக்குமா சாமி? போன மாசம் எங்க வாழையை அழிச்சுட்டுல்ல போச்சு!" என்றேன்.

"அதுவும் உங்க பங்காளிதான். தன் பங்கைத் தின்னுட்டுப் போயிருக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். மகன் காசியப கோத்திரம் என்று உரக்கச் சொல்லி, பிண்டத்தைத் தண்ணீரில் கரைத்தான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

பஸ்சில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. ஊருக்கெல்லாம் கோத்திரம் கொடுக்கிறவர் என்ன கோத்திரமென்று ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டேனே.