கருகிய சோளத்துக்கு முன்னால் அறுபது ஆடுகள்

மழை பொய்த்த இந்த ஆண்டில், ஆடு மேய்ப்பவர்களுக்குத் தீவன யோசனைகளை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவது என் வேலை. ராஜபாளையத்தில் அன்று காலை, மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, "கருகுற சோளக்காடு கிடைச்சா மேய விடுங்க, வீணாக்காதீங்க" என்று பேசினேன். மகள் வீறிட்டாள். விரலை எடுத்துவிட்டேன், பேசிய வரைக்கும் போய்விட்டது.

மிச்சத்தையும் சொன்னதாகவே நினைத்திருந்தேன். ஸ்ரீவில்லிப்புத்தூர் பஸ் நிலையத்தில் ஏனோ மனது கேட்காமல் மறுபடி போட்டுக் கேட்டேன். கதிர் வாங்காத சோளம் வாடினால் அதன் குருத்தில் நஞ்சு ஏறும், ஆடு மேய்ந்த இடத்திலேயே விழும் என்ற எச்சரிக்கை அதில் இல்லை.

உடனே திருத்திப் பேசி அனுப்பினேன். எல்லாரும் கேட்டுவிட்டார்கள், கான்சாபுரத்து அக்காவைத் தவிர. அவருக்குத்தான் ஒரு சம்சாரி, தன் காட்டில் கருகும் சோளத்தை மேய்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அக்கா போன் எடுக்கவில்லை. வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. மகளைக் குறை சொல்லத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே கடிந்துகொண்டேன்.

இறங்கி ஆட்டோ பிடித்துப் போனபோது வரப்பில் அறுபது ஆடுகளும் முட்டிக்கொண்டு நின்றன. அக்கா கம்பை நீட்டி மறித்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர்.

"விடாதீங்கக்கா! நான் சொன்னது தப்பு."

"பாத்தியளா!" அக்கா கணவரிடம் திரும்பினார். "கதிரு வாங்கலன்னு நான் கத்துனா கேக்க மாட்டிய. போனு சொன்னாத்தான் கேப்பியளோ?"

"படிச்ச பிள்ளை சொல்லுதேன்னு பாத்தேன்," என்றார் அவர்.

அக்கா சிரித்தார். "நானும் கம்ப விலக்கத்தான் போனேன் மேடம். நமக்கு எம்புட்டுத் தெரியும், படிச்சவியளுக்குத் தெரியாமயான்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் ஆடு மேய்த்தவரை நான் ஒரே பேச்சில் தடுமாற வைத்திருக்கிறேன்.

"அப்போ பசிக்கு என்ன போட?" என்றார் அவர் கணவர்.

"கண்மாய்க்குள்ள சீமைக்கருவேல நெத்து கிடக்கும்ணே."

"காயா, பழமா?" என்றார் அக்கா. "முழுசா சொல்லிருங்க மேடம்."

"பழுத்து உதிர்ந்தது மட்டும். அதுவும் வயிறு முட்ட வேண்டாம். தண்ணி காட்டணும்."

ஆடுகளைத் திருப்பினார்கள். ஒன்று மட்டும் சோளத்தைப் பார்த்துத் திரும்பி ஓடிவந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பின் குறுக்கே போய் நின்றேன்.