சங்கத்து அரிசி

இந்த வருஷம் எங்கள் சபையில் பெண்கள் ஞாயிறன்று நன்றியுரை என் தலையில் விழுந்தது. மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். போதகரின் மனைவி ஐயரம்மாவில் தொடங்கி மைக் செட்காரர் வரைக்கும் நன்றி சொல்லி முடித்தேன். சொல்லவேண்டிய ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டேன். அவளைப் பற்றித் தொடங்கியிருந்தால் மூன்று நிமிஷத்தில் முடித்திருக்க மாட்டேன். எல்லார் முன்னாலும் அழுதும் தொலைத்திருப்பேன்.

அவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. கோவில்பட்டியில் எங்கள் கோயிலின் பெண்கள் சங்கத் தலைவி. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். பால்வாடி டீச்சர் என்பதால், பெரிய மனுஷர்களிடமும் ‘வாயில விரல் வை’ என்கிற தோரணையில்தான் பேசுவாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பையில் போட்டு வைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடி அரிசியெல்லாம் கோயிலுக்கு வந்து ஒரே சாக்கில் விழும். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிடும். முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய் அந்த வீட்டு அடுப்படியில் வைப்பாள், ஜெபம் பண்ணுவாள், பிறகு ஒரு வாய் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வருவாள். கொடுக்கப் போனவள் விருந்தாளியாகத் திரும்பவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவுக்குக் கை வெந்துபோனது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை அவருக்கு. வலது கை முழுக்கக் கட்டு, மாசக்கணக்கில் வீட்டிருப்பு. அம்மா வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டினாள். அது நாலு வயிற்றுக்கு எங்கே காணும்? அப்பாவோ எப்போதும்வென்றானில் பிறந்தவர். ஊர்ப் பெயரைத் தனக்குக் கொடுத்த பட்டமாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுத்துவிட்டால்கூட, “நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் அத்தை சங்கத்துச் சாக்கை ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினாள்.

“ஏலே தம்பி, கோயில்ல எலி அட்டகாசம் தாங்க முடியல. இது கொஞ்ச நாளைக்கு இங்கன இருக்கட்டும்.”

இடம் கொடுப்பதில் அப்பாவுக்கு என்ன குறைந்துவிடப்போகிறது? சரியென்று தலையாட்டினார். அத்தை அதோடு போயிருக்கலாம். என்னைப் பார்த்து, “ஏட்டி, இது ஆண்டவரோட அரிசி. நல்லாப் பாத்துக்கோ,” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் வந்தது.

நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்குகிறவள். ஆண்டவரின் அரிசி என்றதும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. சாக்கின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன். தங்கச்சியை அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. அப்படியிருக்க, ஒரு காலையில் அம்மா சொளகோடு வந்து சாக்குக்குள் கைவிட்டு அள்ளுவதைப் பார்த்தேன். மறுநாளும் அள்ளினாள். அதற்கு மறுநாளும்.

எங்கம்மா திருடி! அந்தச் சோற்றைத் தின்னப் பயமாக இருந்தது. தின்னாமலிருக்கப் பசி விடவில்லை. அம்மா நரகத்துக்குப் போய்விடுவாளே என்று தேம்பித் தேம்பி அழுதேன். சபையார் ஜெபித்தால்தான் அவள் தப்புவாள் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சங்கக் கூட்டம் நடந்தது. பெண்கள் அரிசிப் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எங்களை அழைத்துப்போக வாசலில் நின்றிருந்தார். “யாருக்கும் ஜெபக் குறிப்பு இருக்கா?” என்று அத்தை கேட்டாள். நான் எழுந்தேன்.

“எங்கம்மா சங்கத்து அரிசிய எடுத்துத் தெனமும் பொங்குதா. அவளுக்காக ஜெபிக்கணும்.”

அம்மா தலையைத் தொங்கப்போட்டாள். வாசலில் அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. இனி அந்த மனுஷர் ஒரு பருக்கை தொடமாட்டார், சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் குடும்பத்தோடு பட்டினி கிடப்பார் என்று அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அத்தை ஓங்கிச் சிரித்தாள். “அட கூறுகெட்டவளே! நாந்தாம்ட்டி பொங்கச் சொன்னேன். இத்தன வீட்டு அரிசி, பொன்னி, ரேசன், பச்சரிசின்னு கலந்து கெடக்கு. ஒண்ணா வேகுதா இல்லையான்னு ஆக்கிப் பாத்தாத்தான தெரியும்? சீக்காளிக்கு வேகாத சோத்தையா குடுக்க?”

“போன மாசம் எங்க வீட்லயும் ஆக்கித்தான் பாத்தோம்,” என்றாள் முன்னாலிருந்த ஒருத்தி.

“எங்க வீட்லயும்தான்,” என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி.

அப்பாடா! அம்மா திருடியில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படி வரைக்கும் வந்தார்.

“நல்லாத்தான் வேகுதுக்கா,” என்றார். “பூ மாதிரி வருது.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிற அத்தை, “ஜெபிப்போம்,” என்று மட்டும் சொன்னாள்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். என்னால் முடியவில்லை. அந்தச் சோறு ஒருநாள்கூட ஒழுங்காக வெந்ததில்லை. பாதி குழைந்து களியாகிவிடும், பாதி கல் கல்லாக நிற்கும். இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தின்றவர் அப்பா. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே, கோயில் வாசலில் நின்று, இத்தனை பேர் காதுகேட்க இப்படிப் பொய் சொல்கிறாரே! அம்மா தப்பினாள் என்று மூச்சுவிடுவதற்குள் அப்பா மாட்டிக்கொண்டார். அவசர அவசரமாகக் கண்ணை இறுக்கி மூடி, “ஆண்டவரே, எங்கப்பாவ மன்னிச்சிரும்,” என்று ஜெபித்தேன்.