கொழும்புக் கல்யாணத்துக்கு ஓர் ஆட்சேபணை

"அண்ணாச்சி, வெளிநாட்டுல வச்சுக் கல்யாணம் பண்ணணும்னா என்னென்ன பேப்பர் வேணும்?"

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் கேட்டைத் திறந்ததும் ஹெலன் டீச்சர் கேட்ட முதல் கேள்வி இது. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறவர். ரிட்டயர்டு கணக்கு டீச்சர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு உலகத்துச் சட்டமெல்லாம் தெரியும் என்று பாளையங்கோட்டையில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதா, பட்டா மாற்றுவதா... என் வீட்டு காலிங் பெல்தான்.

"யாருக்கு டீச்சர்? ஷைனிக்கா?" என்றேன். ஷைனி அவருடைய ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை.

"அவளுக்குத்தான் முடிஞ்சிட்டுல்லா. எனக்கு."

கேட்டைப் பிடித்தபடியே நின்றேன். அப்புறம்தான் உள்ளே கூட்டிப் போனேன்.

டெஸ்டினேஷன் வெட்டிங் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் ஊரில் மண்டபம் இல்லையா, மேளம் இல்லையா? பாங்காக் போய் மாலை மாற்றி, தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டு, சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதா கல்யாணம்? மொய் எழுதக்கூட ஆள் இருக்காது. ஆனால் ஹெலன் டீச்சர் அந்த ரகம் கிடையாதே என்று யோசித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை செல்வின் சார். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சர்ச் பாட்டுக் குழுவில் இரண்டு பேரும் சேர்ந்து பாடிய பழக்கம். லீவுக்கு வந்த ஷைனி அதைக் கவனித்திருக்கிறாள். அவரிடம் நேரில் போய்ப் பேசி, அம்மாவைச் சம்மதிக்க வைத்து, கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு அட்வான்ஸும் கட்டிவிட்டாள். ஒரு மகள் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாள்! என் எரிச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். ஆனா இங்கனயே பண்ணலாமே? எதுக்குக் கொழும்பு?"

டீச்சர் சேலைத் தலைப்பைத் திருகினார்.

"இங்கன பண்ணுனா மூணு ஞாயித்துக்கிழமை என் பேரச் சர்ச்சுல வாசிப்பாங்கல்லா, அண்ணாச்சி."

நான் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் பாளையங்கோட்டைக்காரன் என்பதால் இந்த வழக்கம் தெரியும். சர்ச்சில் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் குருவானவர் வாசிப்பார். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்பார். சபை அமைதியாக இருக்கும். அவ்வளவுதான்.

"வாசிச்சா வாசிச்சிட்டுப் போறாங்க. ஊர் பேசும்னு பயமா?"

"ஊர் பேசட்டும். யாரு கேட்டா? எங்க மதினி ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா என்னால தாங்க முடியாது."

விஷயம் அதுதான். மதினி என்றால் எப்சிபா அக்கா. டீச்சருடைய இறந்துபோன கணவரின் அக்கா. கல்யாணமே செய்துகொள்ளாதவர். தம்பி போன நாளிலிருந்து தம்பி மனைவியோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருக்கிறவர். ஹெலன் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு ஓட, ஷைனிக்குத் தலை பின்னி, சோறு கட்டி, ஆளாக்கியவர். சண்டே ஸ்கூலில் அவர் தொண்டையைச் செருமினால் சர்ச்சுக்கு வெளியே விளையாடுகிற பிள்ளைகளும் வாயை மூடும்.

"அப்பம் அவங்களுக்குத் தெரியாமலா?"

"சிங்கப்பூர்ல ஷைனியப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருவேன். அப்புறம்... அப்புறம் பாத்துக்கிடலாம்."

கணக்கு டீச்சர் ஆயுளில் போட்ட கணக்குகளிலேயே ஆகத் தப்பான கணக்கு இதுதான். கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அப்பாடா! போட்டோவில் பார்க்கிறபோது கடலும் பூவும்தான் தெரிகிறது. அதற்குப் பின்னால் இத்தனை ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்? பாஸ்போர்ட். பிறப்புச் சான்று. முதல் கணவரின் இறப்புச் சான்று. இன்றைய தேதியில் நான் யாருடைய மனைவியும் இல்லை என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழி. அந்த உறுதிமொழி நிஜம்தான் என்று மாநில அரசு ஒரு முத்திரை. அந்த முத்திரை நிஜம்தான் என்று மத்திய அரசு ஒரு முத்திரை! மாப்பிள்ளைக்கும் இதே ஊர்வலம். பாதிப் பேர் என்ன செய்கிறார்களாம் தெரியுமா? உள்ளூரிலேயே சட்டப்படி பதிவு செய்துவிட்டு, வெளிநாட்டில் மாலை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். (விதிகள் அடிக்கடி மாறும். போகிறவர்கள் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை நம்பாதீர்கள்!)

டீச்சர் அசரவில்லை. செல்வின் சாரைக் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கும் நோட்டரிக்கும் நடையாய் நடந்தார். எல்லாம் சேர்ந்தது, கடைசி ஒன்றைத் தவிர. கொழும்பில் ஜெபம் பண்ணித் தாலி எடுத்துக் கொடுக்க ஒரு பாஸ்டரை ஷைனி ஏற்பாடு செய்திருந்தாள். அவர் ஒரே ஒரு கடிதம் கேட்டார். இந்தத் திருமணத்துக்குத் தடை எதுவும் இல்லை என்று உங்கள் சொந்த சபையிலிருந்து ஒரு கடிதம்.

எங்கள் ஊர் சபைக் குருவானவரிடம் டீச்சர் போய் நின்றார். இந்தப் பக்கம் அவரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள்.

"தாராளமாத் தாரேன் டீச்சர். ஆனா மூணு ஞாயிறு சபையில வாசிச்சிட்டுத்தான் தர முடியும்."

எதற்குப் பயந்து கடல் தாண்ட நினைத்தாரோ, அது கொழும்பைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

எனக்குக் குறுக்குப் புத்தி. "ஐயர் தெரிஞ்சவர்தான? வாசிக்காமலே ஒரு கடுதாசி தரச் சொல்லிக் கேட்டா என்ன?" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டேன். "பொய்க் கடுதாசிய வச்சிக்கிட்டா கல்யாணம் பண்ணுவாங்க? வாசிக்கட்டும் அண்ணாச்சி. அதுக்கு முன்னால நானே மதினிகிட்ட சொல்லிருதேன்."

சபாஷ் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் தெருவில் பார்த்துக் கேட்டேன்.

"எங்க சொல்ல? பக்கத்துல போயி நின்னேன். 'உவரிச் சாளை வந்திருக்கு, பொரிக்கட்டா, குழம்பு வைக்கட்டா'ன்னு கேட்டாங்க. பொரிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

முதல் ஞாயிறும் வந்தது. கல்யாணம் கொழும்பில் என்பதையும் சேர்த்தே ஐயர் வாசித்தார். மூன்றாவது பெஞ்சில் இருந்த எப்சிபா அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். வீட்டுக்குப் போயும் ஒரு வார்த்தை இல்லை. காலையில் எப்போதும் போலக் காபி மட்டும் போட்டு மூடி வைத்திருந்தாராம். இரண்டாவது ஞாயிறு சர்ச்சுக்கே வரவில்லை. "ஏசிட்டாக்கூட நிம்மதியா இருக்கும், அண்ணாச்சி" என்று டீச்சர் என் வீட்டில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமே வேண்டாம் என்று ஷைனிக்கு போன் போடுகிற அளவுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது ஞாயிறு என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். கடைசி பெஞ்சில் இடம் பிடித்தேன். பாட்டுக் குழுவில் செல்வின் சார் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். எப்சிபா அக்கா வெள்ளைச் சேலையில் வந்து, தன் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஐயர் இரண்டு பெயர்களையும் வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றார்.

எப்சிபா அக்கா எழுந்து நின்றார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு, ஐயரே."

டீச்சர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்கக்கா. என்ன தடை?"

"கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்ல. ஆண்டவர் நல்லா வைக்கட்டும். இவ களவு பண்ணுனவ மாதிரிக் கடல் தாண்டி ஓடுதாளே... அதுக்குத்தான் ஆட்சேபணை." குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "எந்தம்பிக்கு இவளப் பொண்ணு கேட்டுப் போனது நான். எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது நான். இப்பம் கட்டிக் குடுக்க மட்டும் நான் வேண்டாமாக்கும்? ஏட்டி ஹெலன், நான் என்னடி பண்ணுனேன் ஒனக்கு?"

ஹெலன் டீச்சர் பெஞ்சைத் தாண்டி ஓடியதைப் பார்த்தேன். அதற்கு மேல் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணாடியில் ஏதோ கோளாறு. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ, பாட்டுக் குழு தானாகவே ஒரு பாட்டை ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் செல்வின் சார் எப்சிபா அக்கா முன்னால் கைகட்டி நின்றார். அக்கா மேலும் கீழும் பார்த்தார்.

"மாடி ரூமுல ஃபேன் ஓடல. நீரு மில்லு எலக்ட்ரீஷியனாமே? கல்யாணம் முடிஞ்சு நம்ம வீட்டுக்குத்தான வருவீரு? வந்து பாரும்."

அவ்வளவுதான் விசாரணை. மாப்பிள்ளை பாஸ்!

அப்புறம் ஆளாளுக்கு, கொழும்பு எதற்கு, இங்கேயே முடிக்கலாமே என்றார்கள். டீச்சரும் தலையாட்டினார். எப்சிபா அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ள ஆசப்பட்டு ஏற்பாடு பண்ணிட்டா. அங்கனயே நடக்கட்டும். நானும் வாரேன். நானும் எப்பம் பிளேன் ஏற?"

நானும் யோசித்துப் பார்க்கிறேன். வெளிநாட்டில் கல்யாணம் என்றால் கேள்வி கேட்க ஆள் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் எந்த நாட்டுச் சட்டத்தைப் புரட்டினாலும், அத்தனை முத்திரைக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது — உங்கள் ஊருக்கு இது தெரியுமா? அந்தக் கேள்விமேல் எனக்கு இப்போது பெரிய மரியாதை. அதற்கு நேர்வழியில் பதில் சொன்ன ஹெலன் டீச்சர்மேல் அதைவிடப் பெரிய மரியாதை. எழுந்து நின்ற எப்சிபா அக்காவைப் பற்றி என்ன சொல்ல? கும்பிடத்தான் தோன்றுகிறது.

போன வாரம் எப்சிபா அக்காவின் பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை. ஏட்டையா வந்திருந்தார். அக்கம்பக்கத்துச் சாட்சியாக நான்.

"இந்த வயசுல எதுக்கும்மா வெளிநாடு?"

"தம்பி பொண்டாட்டிக்குக் கல்யாணம்."

ஏட்டையா பேனாவை நிறுத்தினார். "தம்பிக்குக் கல்யாணமா?"

"தம்பி செத்துப் போனான். அவன் பொண்டாட்டிக்குத்தான் கல்யாணம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்பம் நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

எப்சிபா அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கிடுங்க ஏட்டையா. நான் பொண்ணு வீட்டுக்காரி."