கடைசிச் சொல் வரும்வரை

டச்சு மொழியில் வினைச்சொல் நிற்கும் இடம்தான் என்னை முதல்முறை சோதனையில் விழுத்தியது. கல்யாணப் பதிவு முடிந்து கணவர் ஹொலண்டுக்குத் திரும்பிப் போயிருந்தார். அவரிடம் நான் போவதென்றால் கொழும்பில் அந்த மொழிச் சோதனையில் சித்தியடைய வேண்டும். இரண்டாம் முறைக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. மல்லாவியில் எங்கள் வளவின் வேலியோரம், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடத்தில், கதிரையைப் போட்டுக் கொப்பியோடு இருப்பேன்.

தமிழில் வினை கடைசியில் வரும். டச்சில் அது இரண்டாவது இடத்துக்கு ஓடி வந்துவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. சில வினைகள் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு முன்னுக்கும் மற்றத் துண்டு வாக்கியத்தின் கடைசியிலும் போய் நிற்கும். 'கூடாது', 'முடியும்' என்று ஏதாவது வந்தால் பிரிந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு, தமிழைப் போலவே கடைசிக்குப் போய்விடும். அங்கே இருக்கிற என் அண்ணாதான் ஃபோனில் திருத்துவார். "முதல் பாதியைக் கேட்டோடனயே விளங்கினமாதிரித் தலையாட்டுறாய். கடைசிச் சொல் வரும்வரைக்கும் பொறு" என்று ஏசுவார்.

அன்று புதன்கிழமை. பின்னேரம் நாலரை மணிபோல அண்ணாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே மத்தியானம். ஆனால் திரையில் வந்தது அவருடைய மகள். ஐந்து வயது. புதன்கிழமைகளில் அவளுக்குப் பள்ளிக்கூடம் அரைநாள்தான். தாய் டச்சுக்காரி, பிள்ளைக்குத் தமிழ் தெரியாது.

"பாப்பா ஸ்தாட் நீத் ஒப்" என்றாள்.

பாப்பா என்றால் அப்பா. ஸ்தாட் என்றால் நிற்கிறார். நிற்கிறார்தானே என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதையே திரும்பவும் சொன்னாள். அப்போதுதான் கடைசிச் சொல் காதில் விழுந்தது. ஸ்தாட்டும் ஒப்பும் ஒரே வினையின் இரண்டு துண்டுகள். நடுவில் 'இல்லை'. அப்பா எழும்புகிறாரில்லை.

அவள் ஃபோனைத் திருப்பினாள். அண்ணா சோபாவுக்குக் கீழே சரிந்து கிடந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவருக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசி போடுகிறவர். அண்ணி வேலையில். கோலை வெட்டிவிட்டு அவவுக்கு எடுத்து, அவ எடுக்காமல் விட்டு, பிள்ளையும் திரும்ப ஃபோனைத் தூக்காமல் விட்டால்? நான் வெட்டவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போ, கதவைத் திற என்று சொல்ல வேண்டும். என் வாயில் வந்தது தமிழின் ஒழுங்கில் அடுக்கிய டச்சுச் சொற்கள். பிள்ளை "என்ன?" என்று தன் மொழியில் கேட்டாள். இன்னொருமுறை சொன்னேன். இன்னும் மோசமாக வந்தது. அவள் உதடு நடுங்கத் தொடங்கியது.

குசினிக்குள் இருந்து அம்மா கூப்பிட்டா. "பிள்ளை, படிப்பு முடிஞ்சா தேத்தண்ணி குடிக்க வா!" நான் பாடமாக்குகிறேன் என்று நினைத்துவிட்டா.

"வாறன் அம்மா" என்றேன். மூச்சை இழுத்து விட்டேன். கட்டளை என்றால் வினை முதலில். மற்றத் துண்டு கடைசியில். நடுவில் கதவு.

"டூ டெ டேர் ஓப்பன்."

அவள் உடனே பதில் சொன்னாள். "இக் மாக் டெ டேர் நீத் ஓப்பன்டூன்." இந்தமுறை முடியும்வரை பொறுத்தேன். நான் கதவைத் திறக்கக் கூடாது. அப்பாவின் சட்டம் அது. 'நான்' என்பதை 'நீ' ஆக்கி, அந்த 'இல்லை'யை எடுத்துவிட்டு அவளுடைய வாக்கியத்தையே திருப்பிச் சொன்னேன். நீ கதவைத் திறக்கலாம். நான் சொல்கிறேன், திறக்கலாம்.

அவள் கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"கொம் யெ மே?"

நீயும் கூட வருகிறாயா?

"யா. இக் கொம் மே" என்றேன். ஓம், நானும் வாறன்.

திரை ஆடியது. சுவர், ஒரு சப்பாத்து, பிறகு வெளிச்சம். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்து வேகமாக ஏதோ கேட்டா. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இலக்கணத்தை விட்டுவிட்டுச் 'சீனி', 'அண்ணா' என்பவற்றுக்கான டச்சுச் சொற்களை மட்டும் மாறிமாறிக் கத்தினேன். அவ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினா. அதோடு கோல் வெட்டுப்பட்டது.

பிறகு யாரும் எடுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன். அம்மா பக்கத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டு அயல்வீட்டுக் கலியாணக் கதை சொன்னா. நான் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது? ஒன்றரை மணித்தியாலம் கழித்து அண்ணியின் செய்தி வந்தது. கண் திறந்துவிட்டார், கதைக்கிறார் என்று இருந்தது. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்துதான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அழவில்லை. "பெத்தவள் நான் குசினிக்குள்ள தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். நீ என்னைக் கூப்பிடேல்லை" என்றா. இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணா ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்து கோல் எடுத்தார். "ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிடாமப் படுத்திட்டன்" என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் அவரை ஏசினேன்.

சோதனைக்குக் கொழும்புக்குப் போகும்போது அம்மாவும் கூட வந்தா. பேச்சுப் பகுதியில் மட்டுமட்டாகத் தப்பிச் சித்தியடைந்தேன்.