மட்கார்டுக்கு இரண்டு பக்கமும் பேசி முடித்த கல்யாணம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது என் அப்பாவின் கால்களை. நெடுநேரம் வரை கால்களை மட்டுந்தான்.

எண்பதுகளின் நடுவில் அது. மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். நான் கோலா சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். தோட்டத்தின் பழைய உரக் கொட்டகையில், எப்போதோ ஊருக்குப் போய்விட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கார் கிடந்தது. முன்பக்கம் உருண்டு, கண்கள் பிதுங்கிய மாதிரி விளக்குகள் வைத்த கார். பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக் கொண்டிருந்தன. கொட்டகையை இடிக்கப் போகிறோம், வேண்டுமானால் எடுத்துக் கொள்ளுங்கள் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அப்பா கோழிகளோடு எடுத்துக் கொண்டார்.

அதுவரை அப்பா சைக்கிளுக்குச் செயின் மாட்டியதைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. காரை எங்கள் வீட்டுக்குப் பின்னால் தள்ளி வந்து, மேலே தகரம் போட்டு, சக்கரங்களைக் கழற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தினார். அதைப் புதுசு மாதிரி ஆக்கி, என் கல்யாணத்தன்று அதில்தான் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போவேன் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். கல்யாணத்துக்கு அப்போது மாப்பிள்ளை கிடையாது. காருக்கு இஞ்சின் ஓடாது. இரண்டும் வந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

முதலில் துருப்பிடித்த இடது மட்கார்டைக் கழற்ற வேண்டும். கிள்ளானில் பழைய இரும்புக்கடை ஒன்றில் அதற்கு மாற்று கிடைத்திருந்தது. காரோடு வந்த ஆங்கிலக் கையேடு இந்த வேலைக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தது: போல்ட்டுகளைக் கழற்றி மட்கார்டை எடுக்கவும். மற்ற எல்லாம் அப்படியே வந்தன. கடைசி ஒன்று வரவில்லை. அதன் தலை சக்கரம் இருக்கும் குழிக்குள் மேலே, மண்ணும் தாரும் மூடிக் கிடந்தது. அதன் நட்டு காருக்கு உள்ளே, டாஷ்போர்டுக்கு அடியில், பக்கத் தகரத்தின் ஒரு பொந்துக்குள் இருந்தது. கண்ணால் பார்க்க முடியாது. கையைத் தோள்வரை விட்டு விரலால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தலையைத் திருப்பினால் உள்ளே நட்டும் கூடவே சுற்றியது. ஒருவர் நட்டைப் பிடிக்க, இன்னொருவர் தலையைத் திருப்ப வேண்டும். ஆனால் ஸ்பானர் நட்டில் உட்காரவே மாட்டேன் என்றது.

அப்பா மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். பிரேக் எண்ணெய் ஊற்றினார். அம்மா எனக்குத் தலைக்கு வைத்திருந்த நல்லெண்ணெயும் போனது. தீவட்டி மாதிரி ஒன்றைக் கட்டிச் சூடு காட்டியதில் கீழே போட்டிருந்த சாக்கு பற்றிக்கொண்டது. போல்ட்டுக்கு முன்னால் தேங்காய்கூட உடைத்தார். இரண்டு ஸ்பானர்கள் பொந்துக்குள் விழுந்து திரும்பி வரவில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் அவை உள்ளே கலகலவென்றன.

பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா குளித்து வேட்டி கட்டி, சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று காருக்குள் மல்லாக்கப் படுத்துக் கையை விட்டார். அன்றைக்கென்று பார்த்து ஸ்பானர் நட்டில் உட்கார்ந்து விட்டது.

வாசலில் வேன் வந்து நின்றது. அம்மா பின்பக்கம் ஓடினாள். நானும் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கார்க் கதவுக்கு வெளியே அப்பாவின் கால்கள் நீட்டிக் கொண்டிருந்தன.

"ஏங்க, அவங்க வந்துட்டாங்க. கைய எடுங்க."

"எடுத்தா ஸ்பானர் விழுந்துரும்."

"விழுந்தா விழட்டும்."

"நீ அவங்கள இங்க கூட்டியா லா. நான் எங்க போயிட்டேன், வீட்லதான இருக்கேன்."

அவர் கை மாட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். விரலை விரித்தால் கை வந்துவிடும். விரிக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா அழாத குறையாக முன்பக்கம் போய், வந்தவர்களிடம் வீட்டுக்காரர் ஓர் அவசர வேலையில் இருக்கிறார் என்று சொல்லி, நாற்காலிகளோடு பின்பக்கம் அழைத்து வந்தாள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, வேன் ஓட்டி வந்த பையன். சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அங்கே ஒரு நெல் ஆலையில் மேற்பார்வையாளர். பெரிய மீசையும் சலவை வேட்டியுமாக இருந்தார். கால்களைப் பார்த்துக் கைகூப்பி வணக்கம் சொன்னார். உள்ளேயிருந்து அப்பாவும் வணக்கம் சொன்னார். கை கும்பிட வழியில்லாததால் இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். அதைப் பார்த்து அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் தேநீர்த் தட்டோடு வந்தேன். பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். மற்றவர்கள் காலையெல்லாம் நாற்காலிக்கு அடியில் தேட வேண்டியிருந்தது. அப்பாவின் கால்கள் மட்டும் வாகாக இருந்தன. அவர் காலிலும் விழுந்து எழுந்தேன். யாரது என்று கேட்டார். நான்தான் என்றேன். நல்லாயிரு, டார்ச் லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்து என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மா பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"கிராணி எப்பவும் இப்படித்தானா?"

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தாங்க" என்றாள் அம்மா.

சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா தேநீரைக் கீழே வைத்துவிட்டு, என்ன கழற்றுகிறீர்கள் கிராணி என்று கேட்டார். அப்பா உள்ளேயிருந்து விளக்கமாகச் சொன்னார். அவர் எழுந்து சக்கரக் குழியை எட்டிப் பார்த்தார். எங்கள் ஆலையில் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றார். அடுத்து நாங்கள் பார்த்தபோது அவரும் படுத்திருந்தார். சலவை வேட்டியோடு, மண்ணில், மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டு, இன்னொரு ஸ்பானரால் போல்ட்டின் தலையைத் திருப்பிக் கொண்டிருந்தார்.

இப்போது வெளியே இரண்டு ஜோடிக் கால்கள். சம்பந்தம் பேச வேண்டிய இருவரும் காருக்கு உள்ளேயும் அடியிலுமாகப் போய்விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள்.

பேச்சு தகரம் வழியாக நடந்தது. பொண்ணு என்ன படித்திருக்கிறது என்று அந்தப் பக்கம் கேட்டார். ஃபாரம் ஃபைவ், ஸ்கூல் முடித்துவிட்டது என்று இந்தப் பக்கம் அப்பா சொன்னார். நல்லாப் பிடிச்சுக்குங்க கிராணி என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் கிராணி போய் ஐயா ஆனது. ஸ்பானர் லேசாக நகர்ந்ததும் அப்பா வருது வருது என்று சொல்ல, அப்படித்தான் சம்பந்தி, விடாதீங்க என்றது குரல். என் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களில் யாரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அங்கே நின்றுகொண்டிருந்த எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. போல்ட் வரவில்லை. துருவாக எதுவும் உதிரவில்லை. தலைக்கு அடியிலிருந்த வளையம் தகரத்துக்குள் அமுங்கிக்கொண்டே போனது. மல்லாக்கப் படுத்துப் போல்ட்டின் தலையைத் திருப்பிய மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வலதும் இடதும் மாறிப் போயிருந்தது. பெண் பார்க்கும் அன்று பெண் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் முடிந்தவரை பொறுத்தேன்.

"மாமா, அது கழலல. இறுகுது."

மட்கார்டுக்கு அடியில் ஸ்பானர் நின்றது. மாப்பிள்ளை என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அவருடைய அம்மா, பொண்ணுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது என்று பொதுவாகச் சொன்னார்.

அடியிலிருந்து பதில் வந்தது.

"தெரியும்மா. இந்த மாதிரி போல்ட்ட இறுக்கித்தான் எடுக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டதால் அவருக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. ஓர் இரும்புக் குழாயைக் கேட்டு வாங்கி, ஸ்பானரின் முனையில் மாட்டி, மாப்பிள்ளையையும் வேன்காரப் பையனையும் அழைத்து இழுக்கச் சொன்னார். இறுக்கும் பக்கமே இழுக்கச் சொன்னார். மூவருமாக இழுத்தார்கள். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போல்ட் இரண்டாக ஒடிந்தது. மட்கார்டு அப்படியே கழன்று அவர் மேல் விழுந்து மூடிக்கொண்டது. ஆமை ஓட்டுக்கு அடியிலிருந்து மீசை மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது.

"சொன்னேன்ல" என்றார் அடியிலிருந்து.

அப்பா இன்னொரு பக்கம் எழுந்து வந்தார். ஒரு கையில் ஸ்பானர், அதற்குள் ஒடிந்த துண்டோடு நட்டு. முகமெல்லாம் கரி. ஆனந்தம் தாங்காமல் வேன்காரப் பையனைக் கட்டிப்பிடித்து, மாப்பிள்ளை, வாங்க என்றார். பையனின் வெள்ளைச் சட்டையில் அப்பாவின் இரண்டு கைகளும் பதிந்தன. அம்மா அவர் தோளைப் பிடித்துச் சரியான ஆள் பக்கம் திருப்பினாள். மாப்பிள்ளை ஓரடி பின்னால் நகர்ந்து கைகூப்பினார்.

அன்றைக்கே சம்மதம் ஆயிற்று. தேதியைத்தான் இரண்டு அப்பாக்களும் சேர்ந்து கெடுத்தார்கள். கார் ஓடுகிற நாளில் கல்யாணம், அந்தக் காரில்தான் ஊர்வலம் என்று கைகொடுத்துக் கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாப்பிள்ளையின் அப்பா பஸ் ஏறி வந்தார். வலது மட்கார்டைக் கழற்றினார்கள். அப்புறம் ஸ்டியரிங் சக்கரம். அதை இழுத்தபோது அப்பா ஹாரன் மேல் சாய்ந்து, அது விடாமல் அலற, தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து சனங்கள் ஓடி வந்தார்கள். மாதங்கள் போயின. கார் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் தரையும் இரண்டு கதவும்தான் மிஞ்சின. முன்னேற்றம் என்று அதைச் சொன்னார்கள்.

ஒருநாள் கிளினிக் விட்டு வந்தபோது கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார். நாங்கள் தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இவங்க அத முடிக்க மாட்டாங்க லா" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"தை மாசம் வச்சுக்கலாமா? வாடகைக் காடி நான் பார்த்துக்கிறேன்."

சரி என்றேன். பஸ் வந்துவிட்டது, வேறெதுவும் பேசவில்லை. வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் அம்மாள் எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அப்பாவிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. மனம் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு இருவரும் காருக்கு அடியில் இருந்தபோது போய்ச் சொன்னேன். இரண்டு ஜோடிக் கால்களும் அசையாமல் நின்றன. பிறகு அப்பாவின் குரல், நிம்மதியாக வந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு சம்பந்தி. இனிமே நமக்கு அவசரமில்ல."

"ஆமா" என்றார் மாமா. "பொறுமையாச் செய்யலாம்."

தை மாதம் வாடகைக் காரில் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். என் மூத்த மகள் நடக்கத் தொடங்கிய வருஷம் அந்தக் கார் தோட்டத்து கேட் வரை ஓடியது. திரும்பத் தள்ளித்தான் கொண்டு வந்தார்கள். தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே அப்பாவும் மாமாவும் உட்கார்ந்து, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தார்கள்.